தொண்ணூற்றொன்பது வரைக்கும் இங்கிலீஷ்

என் இங்கிலீஷைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், பின்னால் யாரும் கண்டுபிடித்துச் சொல்லும் வேலை மிச்சம். கோயம்புத்தூரில் பதினொரு வருடம் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தவள் நான். கணவருக்கு சூரிச்சில் வேலை கிடைத்து, அவருடைய பெர்மிட்டோடு ஒட்டிக்கொண்டு இங்கே வந்து இறங்கியபோது அந்தப் பதினொரு வருடத்தை யாரும் சீந்தவில்லை. ஜெர்மன் தெரியுமா என்று மட்டும் கேட்டார்கள். தெரியாது என்றதும் பேச்சு முடிந்துவிட்டது.

வீடு சூரிச்சுக்குப் பக்கத்து ஊரான டீட்டிகோனில் கிடைத்தது. அங்கே தடுக்கி விழுந்தால் தமிழர் வீட்டு வாசலில்தான் விழ வேண்டும், அத்தனையும் யாழ்ப்பாணத்துக்காரர்கள். அவர்களுக்கு ஜெர்மன் தண்ணீர் பட்ட பாடு. இங்கிலீஷ் என்றால்தான் கொஞ்சம் தயக்கம். கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற சொந்தக்காரப் பிள்ளைகளோடு பேச முடியவில்லை என்று நாலு பேர் குறைப்பட்டுக்கொண்டதைக் கேட்டு, நானே ஒரு வகுப்பு ஆரம்பித்தேன். தேவாலயம் ஒன்றின் கீழ்த்தளத்தில் ஓர் அறை, சனிக்கிழமைகளில் இரண்டு மணி நேரம், ஆறு பேர். ஆறு பேருமே என்னைவிட மூத்தவர்கள். ஆனாலும் என்னை 'ரீச்சர்' என்று கூப்பிட்டார்கள், எனக்கும் உச்சி குளிர்ந்துவிட்டது.

எண்களும் அளவுகளும் என்ற பாடத்தை மூன்றாவது வாரம் எடுத்தேன். ஊரில் எத்தனையோ தடவை நடத்திய பாடம்தான். வயதைச் சொல்லுங்கள், உயரத்தைச் சொல்லுங்கள், எடையைச் சொல்லுங்கள் என்று ஆரம்பித்தால் ஒரு மணி நேரம் ஓடிவிடும். இங்கே ஓடவில்லை. வயதைக் கேட்டதும் முன்வரிசைக்காரர், "எந்த வயசு ரீச்சர், உள்ளதோ, பெர்மிட்டில இருக்கிறதோ?" என்று திருப்பிக் கேட்டார். எடையைக் கேட்டேன். ஆறு பேரும் வரிசையாக ஃபிஃப்டி எய்ட் என்றார்கள். முதலில் சொன்னவர் அதைச் சரியாக உச்சரித்து என்னிடம் பாராட்டு வாங்கியிருந்தார். மற்றவர்கள் பாராட்டையும் எடையையும் சேர்த்தே எடுத்துக்கொண்டார்கள். அதில் இரண்டு பேர் உட்கார்ந்தால் பெஞ்சு முனகும்.

பவுண்டு என்ற எடைக்கு வந்தபோது சண்டையே வந்துவிட்டது. ஒரு பவுண்டு நானூற்று ஐம்பத்து மூன்று கிராம் என்றேன். இல்லை, அரைக் கிலோ என்றார்கள். இங்கே சந்தையில் ஒரு ஃபுன்ட், அதாவது ஜெர்மன் பவுண்டு, உருளைக்கிழங்கு கேட்டால் அரைக் கிலோ நிறுத்துத்தான் போடுவார்களாம். நான் அகராதியைக் காட்டினேன். அவர்கள் உருளைக்கிழங்கைக் காட்டாத குறைதான். உங்கள் ஊர் பவுண்டில் வியாபாரி நாற்பத்தேழு கிராமை அடித்துக்கொள்கிறான் என்று தீர்ப்புச் சொல்லி அடுத்த அளவுக்குப் போகச் சொன்னார்கள்.

இந்தக் கூத்திலெல்லாம் சேராமல் கடைசிப் பெஞ்சில் ஒருவர் இருந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும், பெர்மிட் வயதோ உள்ள வயதோ எனக்குத் தெரியாது. ஒல்லியான உடம்பு, எதிலும் ஒரு வேகம். கரும்பலகைக்கு வரச் சொன்னால்கூட பஸ்ஸைப் பிடிக்கிற மாதிரித்தான் வருவார். நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டேன். வகுப்பு முடிந்து எல்லாரும் போனபின் அந்த அக்கா என் மேசைக்கு வந்து நின்றார்.

டீட்டிகோன் ஓரத்தில் ஒரு பெரிய சரக்குக் கிடங்கில் அவருக்கு வேலை. இவர்கள் பேச்சில் அது 'லாகர்'. பத்தொன்பது வருடமாக அங்கே சாமான் எடுத்துக் கொடுக்கிறார். காதில் ஒரு கருவியை மாட்டிவிடுவார்கள். அதில் ஒரு குரல், இத்தனையாவது சந்து, இத்தனையாவது தட்டு என்று சொல்லும். அங்கே போய், தட்டில் ஒட்டியிருக்கும் மூன்று இலக்கங்களை இவர் வாயால் வாசிக்க வேண்டும். சரியான தட்டுத்தான் என்று குரலுக்குத் திருப்தியானால் எத்தனை பெட்டி எடுக்க வேண்டும் என்று சொல்லும். எடுத்து வண்டியில் வைத்ததும் அடுத்த சந்து. இப்படி நாள் முழுக்க.

இதுவரை ஜெர்மனில் பேசிய குரல் வசந்தத்திலிருந்து இங்கிலீஷில் பேசப் போகிறது. கிடங்கு கை மாறிவிட்டது, புது முதலாளிகளுக்கு எல்லா நாட்டிலும் ஒரே மொழிதான் வேண்டுமாம். மாறிய மூன்று வாரத்துக்குள் பழைய வேகத்துக்கு வராதவர்களை உறைகுளிர்ப் பகுதிக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே குரல் கிடையாது, கையில் தாள், வெப்பநிலை பூஜ்ஜியத்துக்குக் கீழே இருபத்திரண்டு. அக்காவுக்கு டிசம்பர் மாதம் பஸ் நிறுத்தத்தில் நின்றாலே விரல்கள் சுண்ணாம்பாக வெளுத்துவிடும். மருத்துவர் அந்தக் கைகளைக் குளிருக்குக் காட்டவே கூடாது என்றிருக்கிறார். ஆக அங்கே போகச் சொன்னால் வேலையை விட்டுவிட்டு வீட்டுக்குப் போவது என்றுதான் பொருள்.

"எனக்கு இங்கிலிசு கதைக்கத் தேவையில்லை ரீச்சர்," என்றார். "அந்த மிசின் சொல்லுறது எனக்கு விளங்க வேணும். நான் சொல்லுறது அதுக்கு விளங்க வேணும். தொண்ணூற்றொன்பது வரைக்கும் காணும்."

காணும் என்றால் அவர்கள் பேச்சில் போதும். எனக்குச் சுருக்கென்றது. சங்கீதம் சொல்லிக்கொடுக்க வந்தவளிடம் ஆர்மோனியப் பெட்டியைத் துடைக்கச் சொன்ன மாதிரி இருந்தது. ஆனால் அவர் கைகளைப் பார்த்தேன். சரி என்றேன்.

அடுத்த வாரமே எனக்குத் தலைவலி ஆரம்பித்தது. நான் எண்ணைச் சொல்வேன், அவர் எழுத வேண்டும். ஃபிஃப்டி டூ என்றேன். இருபத்தைந்து என்று எழுதினார். தேர்ட்டி ஃபோர் என்றால் நாற்பத்து மூன்று. மறுபடி சொன்னாலும் அதேதான். என் காதையே சந்தேகப்பட்டு, பக்கத்தில் போய் அவர் கையைக் கவனித்த பிறகுதான் புரிந்தது. ஜெர்மன்காரர்கள் ஐம்பத்திரண்டை 'இரண்டும் ஐம்பதும்' என்பார்கள். அதனால் அக்கா முதலில் கேட்பதை வலப்பக்கம் எழுதிவிட்டு, பின்னால் கேட்பதற்கு இடப்பக்கம் இடம் விட்டு வைத்திருந்தார். ஐந்து வலப்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டது, இரண்டு அதற்கு முன்னால் வந்து நின்றது. சுவிஸுக்கு வந்த நாளிலிருந்து இருபத்தாறு வருடப் பழக்கம். அவர் மட்டுமில்லை, ஆறு பேரின் கையும் அப்படித்தான் போனது.

நான் கோபக்காரி. மூன்று வாரம் பொறுத்துப் பார்த்தேன், நாலாவது வாரம் சாக்பீஸை மேசையில் போட்டுவிட்டு, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூட இதைச் செய்துவிடும் என்று கத்திவிட்டேன். அக்கா சாக்பீஸை எடுத்து என் கையில் கொடுத்து, திரும்பச் சொல்லுங்கோ என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அந்த வெட்கத்தைப் போக்கிக்கொள்ளத்தான் அவர் வீட்டுக்கே வந்து சொல்லித் தருவதாகச் சொன்னேன். போகிற வழியில் கதவிலக்கத்தை போனில் கேட்டேன். எண் என்று வந்துவிட்டால் அவர்களுக்கு ஜெர்மன்தான் வாயில் வரும், அப்படியே சொன்னார். என் அரைகுறை ஜெர்மனில் அதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டு ஐம்பத்து மூன்றாம் எண் வீட்டின் மணியை அடித்தேன். கம்பளிச் சட்டை போட்ட ஒரு சுவிஸ் தாத்தா திறந்தார். நான் கொண்டுபோன கேசரி டப்பாவை, வாய் நிறைய வணக்கத்தோடு, அவர் கையில் கொடுத்துவிட்டு உள்ளே ஒரு காலும் வைத்துவிட்டேன். அவர் டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்த்தார். என்னையும் பார்த்தார். பிறகு மிகுந்த மரியாதையோடு தெரு வளைகிற இடத்தில் இருந்த தமிழர் வீட்டைக் காட்டினார். அக்காவின் வீடு முப்பத்தைந்து.

அக்கா கதவைத் திறந்தபோதே ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் பார்த்துவிட்ட முகம். சிரிப்பை அடக்கித் தோற்றுப்போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டார். "ஒண்டாம் வகுப்புப் பிள்ளையும் செய்யும் ரீச்சர்," என்றார். அன்றிலிருந்து நான் அவரைத் திட்டியதில்லை. கேசரி டப்பாவும் திரும்ப வரவில்லை.

உள்ளே போனதும் அவர் சோற்றுக்கு அரிசி அளந்தார். பால்பேணி ஒன்று, அதாவது காலிப் பால் டின், அரிசி வாளிக்குள்ளேயே கிடந்தது. அதில் மொண்டு பானையில் போட்டபடி, வாய்க்குள் எண்ணினார். "லாபம், ரெண்டு, மூண்டு, நாலு." ஒன்று என்று சொல்லவில்லை. எங்கள் பக்கத்திலும் அப்படித்தான். நெல்லோ அரிசியோ அளக்கும்போது முதல் படியை ஒன்று என்று எண்ண மாட்டார்கள், லாபம் என்றுதான் ஆரம்பிப்பார்கள். ஆனால் என்னை உலுக்கியது அது இல்லை. இந்த மனுஷி தமிழில் எண்ணுகிறாரே என்பதுதான்.

தமிழில் எண்ணுவீர்களா என்று கேட்டேன். அரிசிக்கு மட்டும் என்றார். ஜெர்மனில் எண்ணி அரிசி போட்டால் சோறு காணாதாம். எனக்கு மூளைக்குள் விளக்கு எரிந்தது. தமிழில் ஐம்பத்திரண்டு என்கிறோம், ஐம்பது முன்னால், இரண்டு பின்னால். இங்கிலீஷிலும் அதே வரிசைதான். நடுவில் புகுந்து குழப்புவது ஜெர்மன். "அக்கா, இங்கிலீஷ்ல கேக்கும்போது ஜெர்மனை மறந்துடுங்க," என்றேன். "தமிழ்ல யோசிங்க. அரிசி அளக்கற மாதிரி நெனச்சுக்கங்க. மத்ததெல்லாம் தானா வரும்." வெகு நாளைக்குப் பிறகு ஒரு நல்ல ஆசிரியை ஆகிவிட்டதாக எனக்கு எண்ணம்.

வேலை செய்தது. நான் போனில் என் குரலையே இயந்திரம் மாதிரி உயிரில்லாமல் பதிவு செய்து கொடுத்தேன். சந்து ஐம்பத்திரண்டு, தட்டு பதினான்கு என்று இங்கிலீஷில் நாற்பது நிமிடம். எஸ்-பான் ரயிலிலும் சமையலறையிலும் அதைக் கேட்டார். சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் இரண்டு பேரும் பக்கத்து சூப்பர்மார்க்கெட்டுக்குப் போவோம். நான் பின்னால் நின்று எண்களைச் சொல்வேன், அவர் அந்த வரிசைக்கு ஓடி, அந்தத் தட்டிலிருந்து பொருளை எடுத்து, மறுபடி வைத்துவிட்டு வருவார். ஒன்றும் வாங்குவதில்லை. மூன்றாவது வாரம் கடைக்காரப் பெண் எங்களிடம் வந்து உதவி வேண்டுமா என்று கேட்டாள். அக்கா ஜெர்மனில் ஏதோ விளக்கினார். அந்தப் பெண் என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டுப் போனாள். என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். இந்த ரீச்சருக்கு ஞாபகமறதி, மருத்துவர்தான் இந்தப் பயிற்சியைச் சொன்னார் என்று சொன்னாராம்.

காது பழகிவிட்டது. வாய்தான் படுத்தியது. புது இயந்திரத்துக்கு ஒவ்வொருவரும் முதல் நாள் தன் குரலைப் பழக்க வேண்டும் என்றார். திரையில் வருகிற எண்ணைப் பார்த்து நாலு தடவை சொல்ல வேண்டுமாம். அதற்காகத் திரீயைப் பிடித்துக்கொண்டேன். நாக்கைப் பல்லுக்கு நடுவில் வைத்து ஊதச் சொன்னேன். அவர் ஊதினால் எச்சில்தான் வந்தது. பேசாமல் ட்ரீ என்று சொல்கிறேனே என்றார். அது மரம் என்றேன். மரமும் மிசினுக்கு விளங்குமோ என்று கேட்டார். விளங்காது என்று அடித்துச் சொன்னேன். ஆறு வாரம் அந்த ஒரு எண்ணோடு மல்லுக்கு நின்று, ஒரு மாதிரி திரீயாக்கினோம். அவர் சரியாகச் சொன்ன அன்று எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது, பொய் சொல்லவில்லை.

குரல் பழக்கும் நாள் ஒரு திங்கட்கிழமை. காலையிலிருந்து போனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அழைப்பில்லை. செவ்வாயும் இல்லை. புதன்கிழமை எனக்குக் கோபம், வியாழக்கிழமை பயம். திரீ காலை வாரிவிட்டது என்று முடிவு செய்துகொண்டேன். வெளுத்த விரல்களோடு அவர் குளிர் அறைக்குள் நிற்பதை நினைக்க நினைக்கச் சாப்பாடு இறங்கவில்லை.

சனிக்கிழமை வழக்கமான வேகத்தில் வந்தார். ஒரு பை நிறையப் பொரித்த ரோல்ஸ் கொண்டுவந்திருந்தார். வகுப்புக்கு முன்பே என்னை ஓரமாகக் கூப்பிட்டு, எல்லாம் நல்லபடி போகுது, ஆனால் உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும், கத்தக் கூடாது என்றார்.

நடந்தது இதுதான். சின்ன அறை, தலைமையகத்திலிருந்து வந்த ஒரு பெண், கையில் பட்டியல். திரையில் முதல் எண் வந்தது. ஒன்று. அக்காவுக்கு இங்கிலீஷ் அத்தனையும் பறந்துவிட்டது. ரீச்சர் சொன்ன மாதிரி அரிசி அளப்பதாக நினைத்துக்கொண்டார். வாய் திறந்ததும் வந்தது, "லாபம்."

இயந்திரம் மறுக்கவில்லை. டிங் என்று ஒரு சத்தம், இன்னொரு தடவை சொல்லு என்று திரை கேட்டது. இப்போது மாற்றிச் சொன்னால் அதுக்குக் குழம்பிவிடும் என்று பயந்து மறுபடியும் லாபம் என்றார். நாலு தடவையும் அதையே. அடுத்த எண் வந்தபோதுதான் அவருக்கு விஷயம் பிடிபட்டது. அந்த இயந்திரத்துக்கு இங்கிலீஷும் தெரியாது, ஒன்றும் தெரியாது. நாம் எப்படிச் சொல்கிறோமோ அதுதான் அந்த எண் என்று எழுதி வைத்துக்கொள்கிறது. பக்கத்தில் நின்ற பெண்ணுக்கோ இவர் பேசுவது எந்த மொழி என்றே தெரியவில்லை, உச்சரிப்பு கொஞ்சம் அப்படி இப்படி என்று நினைத்திருப்பாள். அக்கா துணிந்து ரெண்டு என்றார். பிறகு மூண்டு. அப்படியே சைபர் வரை தமிழில் முடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டார்.

இப்போது குரல் இங்கிலீஷில் சந்தைச் சொல்கிறது, இவர் புரிந்துகொண்டு போய் நின்று, நாலு, லாபம், ஏழு என்கிறார். குரல் திருப்தியாகி, மூன்று பெட்டி எடு என்று இங்கிலீஷில் சொல்கிறது. இரண்டு பேருக்குள்ளும் ஒரு மனத்தாங்கலும் இல்லை.

"அப்ப திரீ?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே அழுகை மாதிரிக் கேட்டது. "ஆறு வாரம், அக்கா."

"தமிழில யோசியுங்கோ எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்," என்றார். "யோசிச்சன்."

ரோல்ஸை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.

குரல் மாறிய மூன்றாவது வாரம் புதன்கிழமை எனக்கு ஒரு போன் வந்தது. அக்காவின் மேலாளர். இங்கே அவரை எல்லாரும் ஷெஃப் என்றுதான் சொல்வார்கள், நான் முதலில் சமையல்காரர் என்று நினைத்திருந்தேன். மொழி வகுப்பு எங்கே என்ற கேள்விக்கு அக்கா என் எண்ணைக் கொடுத்திருக்கிறார். ஷெஃப் மெதுவான இங்கிலீஷில், ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்துப் பேசினார். அக்காவின் வேகம் குறையவில்லை, பிழையும் இல்லை. ஆனால் தலைமையகத்துப் பெண் இந்த வாரம் பின்னாலேயே நடந்து கேட்டிருக்கிறாள். அக்கா சொல்வது எதுவும் இங்கிலீஷ் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். மற்ற எண்கள் வேறு மொழி என்று புரிகிறது, ஷெஃப் இணையத்தில் தேடிப் பார்த்தாராம், தமிழில் அப்படித்தான் இருக்கிறது. ஒன்றுக்கு மட்டும் அக்கா சொல்கிற சொல் எந்தப் பட்டியலிலும் இல்லை. வாய்க்கு வந்ததைச் சொல்லி இயந்திரத்தை ஏமாற்றுவதாகத் தலைமையகம் எடுத்துக்கொண்டால் முதலிலிருந்து இங்கிலீஷில் பழக்க வேண்டும், கெடு வெள்ளிக்கிழமை முடிகிறது. அது எண்தானா, ஆசிரியை என்ற முறையில் நீங்கள் சொல்லுங்கள் என்றார்.

ஆமாம், அதுவும் ஒன்றுதான் என்று சொல்லி முடித்திருக்கலாம். முழுப் பொய்யும் இல்லை. ஆனால் இவர் தேடிப் பார்க்கிற ஆள். நாளைக்கு வேறு யாரிடமாவது கேட்டால் அக்காவோடு நானும் மாட்டிக்கொள்வேன். தவிர, பதினொரு வருடம் பிள்ளைகளிடம் தெரியாததைத் தெரியாது என்று சொல், தெரிந்ததை ஒளிக்காதே என்று உபதேசித்தவள்.

உள்ளதைச் சொன்னேன். எங்கள் ஜனங்கள் எதையாவது அளக்கத் தொடங்கும்போது ஒன்று என்று சொல்ல மாட்டார்கள், அந்த இடத்தில் வேறொரு சொல் சொல்வார்கள், அதற்கு ப்ராஃபிட் என்று பொருள் என்றேன்.

மறுமுனையில் தூரத்தில் ஏதோ வண்டி பின்னால் வருகிற பீப் பீப் மட்டும் கேட்டது.

"பத்தொன்பது வருடமாகவா?" என்று கேட்டார்.

இல்லை, ஜெர்மனில் இருந்தவரை உங்கள் சொல்லைத்தான் சொன்னார், இங்கிலீஷுக்கு மாற்றிய பிறகுதான் என்றேன். பிறகு அவர் சிரிக்க ஆரம்பித்தார். சுவிஸ்காரர் ஒருவர் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஒன்று வரும் தெரியுமா என்றார். தலைமையகத்துக்கு நானே எழுதிக்கொள்கிறேன், அவர் குரலில் யாரும் கை வைக்க வேண்டாம் என்றார். போனை வைக்கும் முன், மற்றவர்களுக்கும் அந்தச் சொல்லைச் சொல்லிக்கொடுக்க முடியுமா என்று கேட்டார். விளையாட்டுக்குத்தான் கேட்டார் என்று இப்போதும் எனக்கு நிச்சயமாகத் தெரியாது.

அக்காவுக்குச் செய்தி அனுப்பினேன். ஷிஃப்ட் முடிந்து ஒரே ஒரு வார்த்தை பதில் வந்தது, ஆமாம் என்பதற்கு அவர்கள் சொல்வது. "ஓம்." எனக்கு அப்போதுதான் பசித்தது.

அந்தச் சனிக்கிழமை எண் பாடத்தை முதலிலிருந்து எடுத்தேன். இந்த முறை யாருடைய எடையையும் கேட்கவில்லை. பலகையில் பெரிதாக ஒன்று என்ற இலக்கத்தைப் போட்டு, எல்லாரும் சேர்ந்து இங்கிலீஷில் சொல்லுங்கள் என்றேன்.

ஆறு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள், "லாபம்."

திருத்துவதற்கு வாயைத் திறந்தேன். கடைசிப் பெஞ்சில் அக்கா ஒன்றும் அறியாதவர் மாதிரி நோட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தார். பேனாவைப் பிடித்திருந்த விரல்கள் நல்ல நிறமாக இருந்தன.

சரி, அடுத்தது டூ என்றேன்.